ரம்பத்தில் கட்டிய சரடு

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். சாயாக் கடையில் கிளாஸின் விளிம்பில் முந்தினவர் வாய் பட்ட தடம் தெரிந்தால் போதும், சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டேன். இதற்காகவே என் அக்கா எனக்குத் ‘தம்புராட்டி’, அரண்மனைச் சீமாட்டி, என்று பட்டம் வைத்திருந்தாள். அந்தத் தம்புராட்டியின் தலையில்தான் ஒரு மின்ரம்பம் வந்து விழுந்தது.

இரணியலில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எங்கள் பிரேம் கடை இருந்தது. சாமி படம், கல்யாணப் போட்டோ, செத்தவர் படம் எதுவானாலும் சட்டம் போட்டுக் கண்ணாடி வைத்துக் கொடுப்போம். கடல் ஊருக்குள் வந்த அடுத்த வருஷம் கடற்கரைப் பக்கமிருந்து வந்து குவிந்த படங்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கைரம்பத்தால் அறுத்து முடியவில்லை என்று மட்டும் சொல்கிறேன். கல்ஃபில் ஜன்னல் போடும் கம்பெனியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, அடுத்த லீவுக்கு வரும்போது ஒரு மின்ரம்பத்தைக் கொண்டுவந்தார். கூடவே அதன் குறிப்புப் புத்தகமும் வந்தது. ‘நீதான் இதைப் பார்த்துக்கணும், அத்தானுக்கு இதெல்லாம் வாசிக்கப் பொறுமை இருக்காது’ என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டார்.

அத்தான் என்றால் அக்காவின் புருஷன். கடையில் மரம் வெட்டுகிற வேலை அவருடையது. கண்ணாடி அறுப்பதும் படம் ஒட்டுவதும் வருகிறவர்களிடம் பேசுவதும் என் வேலை. அத்தானைப் பிடிக்காதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. வாயைத் திறந்தால் பகடி. சாவு விழுந்த துஷ்டி வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்து வருவார். எனக்கும் அவரைப் பிடிக்கும். அவர் வேலை செய்கிற விதத்தைத்தான் சகிக்க முடியாது.

அந்த ரம்பம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். வட்டமான பல் பிளேடு, மேலும் கீழும் அசைகிற ஒரு இரும்புக் கையில் மாட்டியிருக்கும். கட்டையைக் கீழே உள்ள தட்டில் வைத்து, பின்னால் இருக்கும் இரும்புத் தடுப்போடு சேர்த்துப் பிடித்து, கையைக் கீழே இழுத்தால் வெட்டும். தட்டைத் திருப்பலாம். நாற்பத்தைந்து டிகிரிக்குத் திருப்பி வெட்டிய கட்டைகளைச் சேர்த்தால் பிரேமின் மூலை. பிளேடைச் சுற்றி ஊடே பார்த்தால் தெரிகிற ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கார்டு என்போம். கை மேலே இருக்கும்போது கார்டு பிளேடை மூடியிருக்கும். கை இறங்க இறங்க அது தானே விலகி வழிவிடும். கை ஏறினதும் திரும்ப விழுந்து மூடிக்கொள்ளும். யாரையும் அது தொந்தரவு செய்வதில்லை. இருந்தாலும் அத்தானுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

“இது வெள்ளக்காரனுக்க பயமாக்கும், கேட்டியா. கண்ணை மறைச்சா நான் எப்படி வெட்ட?” என்பார்.

மறைத்தது என்னவோ உண்மைதான். ஏன் மறைத்தது? அத்தான் வெற்றிலை போடுவார். சுண்ணாம்பு விரலை எங்கே துடைப்பார்? கார்டில். பிளேடு சுற்றட்டும் என்று தேங்காய் எண்ணெயை ஊற்றுவார். எண்ணெயில் மரத்தூள் ஒட்டும். அதன்மேல் பைன் கட்டையின் பிசின் ஒட்டும். எல்லாம் சேர்ந்து பழுப்பு நிறத்தில், அடுப்படிப் புகைக்கூண்டு மாதிரி ஒரு பக்கு பிடித்துவிடும். தூள் விழுகிற பையை அவர் ஒருநாளும் தட்டியதில்லை. முதல் தடவை நான் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது தூளோடு பல்லி முட்டைகளும், காய்ந்து சுருண்ட ஒரு பல்லியும் என் காலில் விழுந்தன. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் முதல் வேலை அதைச் சுத்தம் செய்வது என்று வைத்துக்கொண்டேன். சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கை உருவி, அது என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தட்டின் மேலேயே வைத்துக்கொள்வேன். பிறகு பிரஷால் தூளைத் தள்ளுவேன். பிளேடைக் கழற்ற வேண்டும் என்றால் அதன் நட்டு மற்ற நட்டு மாதிரி இல்லை. எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அத்தான் அதைச் சாதாரண நட்டு என்று நினைத்துச் சுத்தியலால் அடித்து அடித்து இறுக்கியிருந்தார். கழற்றிய பிளேடைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்ப்பேன். நான் குந்தியிருந்து தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டே அத்தான் வெற்றிலையை மடிப்பார்.

“ஏட்டி கொழுந்தியா, மெஷினுக்குப் பல்லு தேச்சு விடுறியா? அப்படியே எனக்கும் தேச்சு விடு.”

அந்தப் பல்லைப் பார்த்தால் தேய்க்கத்தான் வேண்டும் என்று தோன்றும். சொல்லவில்லை. மூத்தவர்.

கோணத்தைச் சரிபார்ப்பதும் என் வேலையாயிற்று. தட்டைத் திருப்பும்போது சரியான கோணத்தில் ‘க்ளிக்’ என்று உட்கார அடியில் காடி என்கிற சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். ஒரு வருஷம் ஆயுத பூஜை எடுத்த பிறகு வெட்டிய எந்தப் பிரேமிலும் மூலை சேரவில்லை. அத்தான் கட்டையைக் குறை சொன்னார், மழையைக் குறை சொன்னார். இடைவெளியில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து வார்னிஷ் பூசிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து கடியப்பட்டணத்திலிருந்து ஒருவர் தன் அம்மாவின் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். அடைப்பு உதிர்ந்த மூலை வழியாகக் கரப்பான் உள்ளே போய், அந்த அம்மாவின் நெற்றியில் முட்டைக்கூடு ஒட்டிவைத்திருந்தது. அவர் சத்தம் போடவில்லை. படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கே தட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஆயுத பூஜைக்குக் குழைத்த சந்தனத்தை அத்தான் கை நிறைய அள்ளித் தட்டில் அப்பியிருந்தார். அது வழிந்து காடிக்குள் போய்ச் சிமென்டாக இறுகியிருந்தது. நாற்பத்தைந்தில் உட்காராமல் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தட்டு நின்றுகொண்டிருந்தது. சாமிக்கு ஒரு பொட்டுப் போதாதா? ஊசியால் சுரண்டி எடுத்து, மூலைமட்டத்தைப் பிளேடுக்கும் தடுப்புக்கும் நடுவில் வைத்துப் பார்த்து, திருகைத் தளர்த்திச் சரிசெய்து, கழிவுக் கட்டையில் நாலு துண்டு வெட்டிச் சேர்த்துப் பார்த்தேன். மூலைக்குள் வெளிச்சம் தெரியவில்லை. அந்த அம்மாவின் படத்தைத் துடைத்துப் புதுச் சட்டம் போட்டுக் கொடுத்தோம்.

கார்டு விஷயம் மட்டும் என்னால் தீர்க்க முடியவில்லை. நான் அதைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்த பிறகும் அத்தான் அதை மேலே தூக்கிக் கட்டிவிடுவார். முதலில் செம்புக் கம்பியால் கட்டினார். நான் வெட்டி எறிந்தேன். பார்சல் கயிற்றால் கட்டினார். அதையும் அறுத்தேன். வெட்டி முடித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளேடு தானாக நிற்கும்வரை பொறுக்க மாட்டார். சுற்றுகிற பல்லின் பக்கவாட்டில் ஒரு மரத்துண்டை அழுத்தி நிறுத்துவார். சாண் நீளம்கூட இல்லாத துண்டை இடதுகை விரல் நுனியால் பிடித்துக்கொண்டு வெட்டுவார். அந்த இடதுகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கால் கூசும். ஃபோனில் என் வீட்டுக்காரரிடம் சொன்னால், “அத்தான்கிட்ட நான் எப்படிச் சொல்லது? மூத்தவருல்லா,” என்றார். கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு மரியாதை பார்க்கிற அவர்மேலும் எனக்கு வெறுப்பு வந்தது.

ஒரு புரட்டாசியில் வெட்டுத் துண்டு ஒன்று பிளேடில் சிக்கித் தெறித்து அத்தானின் புருவத்தைக் கிழித்தது. கண் தப்பியது. அக்கா அழுதுகொண்டே ஓடிவந்தாள். கார்டு ஏன் மேலே இருந்தது என்று அவள் கேட்கவில்லை. கார்டு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

“கண்ணேறாக்கும். ஊரில எல்லாரும் இந்த மெஷினத்தான் பாக்காங்க,” என்றாள்.

பூஜை வைக்கிற அன்று சாயங்காலம் ஒரு கோவிலிலிருந்து மந்திரம் ஜெபித்த சரடு வாங்கிவந்தாள். நல்ல தடித்த சிவப்புச் சரடு. ரம்பத்துக்கு மாலை போட்டு, பொரியும் பழமும் வைத்திருந்தோம். எங்கே கட்டுவது என்று அக்கா கேட்டாள். அத்தான் கார்டை விரலால் தட்டிக் காட்டினார்.

“இதாக்கும் கையைக் காக்கிய சாதனம். இதில கெட்டு.”

சொல்லிவிட்டு, கார்டை முழுக்க மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அக்கா கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டு, கார்டையும் கைப்பிடியையும் சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள். நான் மேஜைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தக் கண்ணடிப்பை நான் மறக்கவே இல்லை. பல்லி முட்டையைவிட, கரப்பான் கூட்டைவிட என்னைக் குமட்ட வைத்தது அதுதான். பெண்டாட்டியின் பயத்தையும் பக்தியையும் எடுத்து, தன் சோம்பலுக்குக் கயிறாகத் திரித்துக்கொண்ட மனுஷனை என்ன சொல்வது?

பூஜை எடுத்த மறுநாளே கத்தரிக்கோலால் அதை அறுத்தேன். எனக்குச் சாமி பயம் இல்லாமலில்லை. அந்த இடதுகையைப் பற்றிய பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சாயங்காலத்துக்குள் அக்கா வந்துவிட்டாள்.

“ஏட்டி, ஜெபிச்ச சரட்டையா அறுத்த? எனக்க மாப்பிளைக்க கையையாக்கும் அதில கெட்டிப் போட்டிருக்கேன்.”

“அக்கா, அந்தக் கை போகப் போறதே அதனாலதான். கார்டு கீழ விழாம அதுதான் பிடிச்சு வச்சிருக்கு. வந்து பாரு.”

“எனக்கு உனக்க மெஷின் ஒண்ணும் பாக்காண்டாம். உனக்கு எல்லாத்திலயும் அழுக்குத்தான் தெரியும். சாமி சரடும் உனக்கு அழுக்காக்கும்.”

என் அருவருப்பு ஊரறிந்த விஷயம். அதனால் நான் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அத்தான் பக்கத்தில் நின்று, “விடு மக்கா, சின்னப் பிள்ள,” என்று எனக்காகப் பரிந்து பேசினார்! அக்கா இன்னொரு சரடு வாங்கிவந்து, அத்தான் தூக்கிப் பிடிக்க, திரும்பவும் கட்டினாள். இனி அதைத் தொட்டால் தன் முகத்தில் முழிக்கக் கூடாது என்றாள். அதன்பிறகு சின்னத் துண்டு வெட்ட வேண்டிய வேலைகளை நான் வாங்காமல் திருப்பி அனுப்பினேன். கட்டையைப் பிடிக்கும் இடுக்கி ஒன்றைப் புத்தகத்தில் பார்த்து வாங்கி மாட்டினேன். அத்தான் அதில் சட்டையைக் கழற்றித் தொங்கவிட்டார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம். திரு இருதயப் படங்களும் மாதா படங்களும் கடை நிறையச் சாய்ந்திருந்தன. மதியம் நான் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தேன். ரம்பத்தின் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். மரத்தில் இறங்கும்போது ஒரு மாதிரி, வெட்டி முடித்து வெறுமனே சுற்றும்போது ஒரு மாதிரி. அது வெறுமனே சுற்றிக்கொண்டிருந்த நேரம்தான். அத்தான் ரம்பத்தின் கையை மேலே விட்டுவிட்டு, விழுந்த துண்டை எடுக்க இடதுகையை நீட்டியிருக்கிறார். சத்தத்தில் ஒரு சின்னத் தடங்கல். அவ்வளவுதான். அத்தான் கத்தவில்லை. “மக்கா,” என்று சாதாரணமாகக் கூப்பிட்டார்.

ஓடிப்போய்ப் பிளக்கை உருவினேன். ஆள்காட்டி விரல் அடியோடு போயிருந்தது. நடுவிரல் பாதி தொங்கியது. தூளுக்குள் கிடந்த விரலை நான் எடுத்தேன். கையால்தான் எடுத்தேன். மரத்தூள் ஒட்டியிருந்தது. துணியில் சுற்றி, ஐஸ் வாங்கிப் போட்டு, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நடுவிரலைத் தைத்தார்கள். மற்றதைச் சேர்க்க முடியவில்லை என்றார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் அதே வார்த்தையைச் சொன்னார்கள். சரடு இருந்ததால் ஒரு விரலோடு போயிற்றாம். இல்லையென்றால் கையே போயிருக்குமாம். அக்கா தலையாட்டினாள். கட்டிலில் கிடந்த அத்தானும் தலையாட்டினார். “ஒரு விரலில நகம் வெட்டிய வேலை இனி மிச்சம்,” என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து வெளியே வந்து, குழாயடியில் நின்று கையைக் கழுவினேன். எவ்வளவு கழுவியும் அருவருப்பு போகவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் யார் பேசுவதையும் கேட்கப் பிடிக்கவில்லை.

கடையைத் திரும்பத் திறந்தபோது ரம்பத்தை நான்தான் சுத்தம் செய்தேன். பிளேடைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது மாட்டினேன். காடிக்குள் உறைந்திருந்த ரத்தத்தைச் சந்தனத்தைச் சுரண்டிய அதே ஊசியால் சுரண்டினேன். தட்டு, தடுப்பு, கைப்பிடி எல்லாவற்றையும் சோப்பு போட்டுத் துடைத்தேன். சரடை மட்டும் தொடவில்லை. தொடக் கூடாது என்று அவள்தானே சொன்னாள். ரத்தமும் தூளும் ஊறிக் காய்ந்து கறுத்து, கட்டியபடியே இருந்தது.

கட்டுப் பிரித்த பிறகு அத்தான் ஒருநாள் கடைக்கு வந்தார். கூடவே அக்காவும் வந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே புதுச் சரடு. ரம்பத்தைப் பார்த்ததும் அவள் முகம் சுளித்தது.

“ஐயோ, ரத்தம் பட்டிருக்கே. தீட்டாச்சு. இத இப்படியே வைக்கப்பிடாது. ஆத்தில விடணும்.”

“நீயே அவிழ்த்துக்க. நான் தொடப்பிடாது,” என்றேன். பிளக் உருவித் தட்டின்மேல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

முடிச்சுகள் இறுகிப் போயிருந்தன. அக்கா நகத்தால் நெம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். ரத்தப் பொடி அவள் விரலில் ஒட்டியது. மூன்றாவது முடிச்சு கழன்றதும் கார்டு ‘டக்’கென்று கீழே விழுந்து பிளேடை மூடியது. அக்கா பயந்து கையை இழுத்துக்கொண்டாள்.

பிறகு குனிந்து பார்த்தாள். ஒரு விரலால் கார்டைத் தூக்கினாள், விட்டாள். விழுந்து மூடியது. இன்னொரு தடவை தூக்கி விட்டாள். அப்போதும் மூடியது. பிளேடில் எங்கேயாவது விரல் படுகிறதா என்று நாலு பக்கமும் தடவிப் பார்த்தாள். கார்டுதான் கையில் தட்டுப்பட்டது.

“இது எப்பவும் இப்படித்தான் விழுமா?” என்று என்னிடம் கேட்டாள்.

“ஆமா. மெஷின் கை மேல ஏறினதும் விழும்.”

அவள் கையிலிருந்த சரடைப் பார்த்தாள். தான் போட்ட முடிச்சுகளின் வளைவு இன்னும் அதில் நிமிராமல் இருந்தது. மெல்ல அத்தான் பக்கம் திரும்பினாள். அத்தான் எப்போதும்போல் சிரிக்கத் தயாராக நின்றார்.

“கையைக் காக்கிய சாதனம் இது, இதில கெட்டுண்ணு சொன்னது நீங்கதானே? நான் கெட்டும்போ தூக்கிப் பிடிச்சதும் நீங்கதானே?”

அத்தானின் பார்வை கார்டுக்குப் போயிற்று.

“எனக்க கையை வச்சு எதைக் கெட்டினீங்க?”

அத்தானின் வாய் திறந்தது. பகடி ஒன்றும் வரவில்லை. இடதுகையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார். அக்கா பொட்டலத்தைப் பிரித்து, புதுச் சரடையும் அந்தக் கறுத்த சரடோடு சேர்த்துச் சுருட்டி, ஆற்றில் விட எடுத்துக்கொண்டு தனியாக நடந்து போனாள்.